அந்த ஸ்பனரில் மேற்கு ஜேர்மனி என்றுதான் அடித்திருக்கிறது

ரிஸானா ராத்தா இன்று காலை இறந்துவிட்டார். கொழும்பு கொட்டாஞ்சேனையில் பழைய ஸ்பனர், குறடு, சுத்தியல் விற்ற ரிஸானா ராத்தா. ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா.

நெஞ்சுவலி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே... வயது ஐம்பத்து மூன்று.

ஒபிஸுக்கு லீவு சொல்லிவிட்டுப் போய் முகம் பார்த்தேன். வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஃபோனைத் திறந்தேன். திறந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

முதன்முதலில் அந்தக் கடைக்குப் போனது என் பழைய இங்கிலிஷ் காருக்காக. அதற்கு அங்குல அளவு ஸ்பனர் வேண்டும். மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டு இரண்டு நட்டின் மூலைகளை நானே மழுக்கி வைத்திருந்தேன்.

எதிர்க்கடைக்காரர் என்னைப் பார்த்து, "மிஸ், மாத்தயாவ அனுப்புங்க, அவருக்கு வெளங்கும்" என்றார்.

ராத்தா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார். "ஏன் நானா, ஆம்புளயப் பாத்தாத்தான் நட்டு கழருமா?"

மாத்தயா என்று, கணவர் என்று ஒருவர் எனக்கு இல்லை என்பதை ராத்தாவுக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

ராத்தா கராஜ் மூடுகிற இடங்களுக்குப் போய்ப் பழைய சாமான்களைப் பெட்டியோடு வாங்கி வருவார். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பார். கம்பி பிரஷ்ஷைத் தொடவே மாட்டார். பிறகு வெள்ளைச் சோக்கை மேலே பூசித் துடைப்பார்... உலோகத்தில் அடித்த எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும்.

அந்த எழுத்துத்தான் வயது சொல்லும். நாட்டின் பெயர், கம்பனியின் முகவரி, காப்புரிமை எண். இந்த வருடத்துக்குப் பிறகு, இந்த வருடத்துக்கு முன் என்று ஓர் அட்டையில் எழுதி நூலால் கட்டிவிடுவார். நிறைய அட்டைகளில் "தெரியாது" என்று மட்டும் இருக்கும்.

ஒருமுறை அவரிடம் வாங்கிய குறடு ஒன்றை கிரைண்டரில் பிடித்துப் பளபளவென்று ஆக்கி, பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி ஈக்கிது. இதப் பாத்துப் பவுடர் பூசலாம். எழுத்து எங்க தங்கச்சி?"

எழுத்து போயே போய்விட்டது. "தெரியாது" அட்டை ஒன்றை எடுத்து அவரே அதில் கட்டினார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

இனி அந்த விஷயம்.

கொழும்பில் பழைய டூல்ஸ் சேர்ப்பவர்களுக்கு இங்கே முகநூலில் ஒரு குரூப் இருக்கிறது. முக்கால்வாசி ஆண்கள். ராத்தாவும் இருந்தார், நானும் இருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அதில் ஒருவர் ஒரு பெட்டி நிறைய ஸ்பனர்களின் படம் போட்டார். இரண்டாம் உலகப் போர் நேரம் இங்கிலிஷ் ராணுவ அதிகாரி ஒருவர் தன் அப்பப்பாவுக்குக் கொடுத்ததாம்.

ராத்தா கீழே எழுதினார்: "படத்த பெரிசாக்கிப் பாருங்க. வெஸ்ட் ஜேர்மனி எண்டு அடிச்சி ஈக்கிது. போர் முடிஞ்சி நாடு ரெண்டாப் பிரிஞ்ச பொறகுதான் அந்தப் பேர் வந்த. நல்ல சாமான். அதுக்குப் பொய் வயசு தேவல்ல."

"பழைய இரும்பு விக்கிற ஆக்கள் சரித்திரம் படிப்பிக்க வெளிக்கிட்டினம்" என்று ஒருவர். வரிசையாகச் சிரிப்புக் குறிகள். "சமையல் குரூப் பக்கத்தில இருக்கு ராத்தா" என்று இன்னொருவர்.

பின்னேரம் பார்த்தால் அந்தக் கொமென்ட்டும் இல்லை, குரூப்பில் ராத்தாவும் இல்லை. தூக்கிவிட்டார்கள்.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தேன். எழுத்து தெளிவாகத் தெரிந்தது. ஒரு லைக் கூடப் போடவில்லை... எல்லோரும் தெரிந்தவர்கள், எதற்கு வம்பு என்று.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய், "ஏன் ராத்தா, உங்களைத் தூக்கிறதுக்கு முதல் திருப்பிக் கதைக்காம விட்டனீங்கள்?" என்று கேட்டேன். பெரிய அக்கறைக்காரி மாதிரி.

"நான் சொல்லிட்டேன் தானே. நீங்களும் பாத்த தானே? நீங்க ஏன் பேசல்ல?"

கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். நான் அவர் ஊற்றித் தந்த பால் விடாத பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று பஸ்ஸில் அந்தக் குரூப்பைத் திறந்தால், கறுப்புப் பின்னணியில் அவருடைய படம். "எங்கள் குழுமத்தின் மதிப்புக்குரிய சகோதரி, ஈடுசெய்ய முடியாத இழப்பு." கீழே அந்தப் பெட்டிக்காரர் கைகூப்பியிருக்கிறார்.

அதற்கும் மேலே, எப்போதும் முதலில் தெரியும்படி பின் பண்ணி, அந்தப் பெட்டியின் படம். கதை இன்னும் உலகப் போர்தான்.

உங்கள் சகோதரியா? எப்போதிலிருந்து?

ரிஸானா சொன்னதுதான் சரி. அந்த ஸ்பனரில் மேற்கு ஜேர்மனி என்றுதான் அடித்திருக்கிறது. நான் அன்றே பார்த்தேன், பார்த்தும் வாய் திறக்கவில்லை. அது என் பிழை.

இந்த வரிகளையே அந்தக் குரூப்பிலும் போட்டேன். பத்து நிமிடத்தில் அட்மின் இன்பாக்ஸுக்கு வந்தார்.

"அக்கா, செத்தவீட்டு நேரத்தில ஏன் இந்தக் கதை? எடுத்துவிடுங்கோ, பிறகு ஆறுதலாக் கதைப்பம்."

"எடுக்கமாட்டன் தம்பி. முதல்ல அந்தப் பெட்டியின்ர கதையை மாத்துங்கோ."

"அந்தப் பெட்டிக்காரர் மனம் நோவார் அக்கா."

"நோகட்டும்."

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தாவை அடக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இப்போது பார்க்கிறேன், எனக்கு அந்தக் குரூப் திறக்கவில்லை. என்னையும் தூக்கிவிட்டார்கள். நல்லது.

இந்தப் பதிவு என் பக்கத்தில் இருக்கும். பூட்டாமல், யாரும் பார்க்கும்படி இருக்கும். எடுத்துப் பகிர்கிறவர்கள் பகிருங்கள்.

இரண்டு வருடம் பிந்திவிட்டேன், ராத்தா. போய் வாருங்கள்.