மைக்கில் சொன்ன நன்றி

என் மகள் ஜெனியைத் தினமும் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டு மேரி அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒருமுறை "தேங்க்ஸ்க்கா" என்றேன். "இன்னாடி, என்னை வெளியாளாக்கிட்டே?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டபடி செய்யவைத்து அனுப்பும் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து வந்ததும் கிடைத்த முதல் ஆர்டர் இத்தாலிக்கு. பின்பக்கத் தையல் தளர்ந்திருக்கிறதென்று பையர் மொத்தத்தையும் நிறுத்திவிட்டார். ஞாயிறு மாலைக்குள் மறுபடி தைத்து கன்டெய்னரில் ஏற்றாவிட்டால் ஆர்டர் ரத்து. "கைக்குழந்தைக்காரிகிட்ட ஏன் குடுத்தாங்க?" என்று ஆபீசில் ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது.

ஞாயிறன்று தையல் லைனில் இருந்த அத்தனை பேரும் வேலைக்கு வந்தார்கள். மேரி அக்கா சர்ச்சுக்குப் போகாமல் ஜெனியை வைத்துக்கொண்டார். மதியத்துக்குள் பாதிக்கு மேல் முடிந்தது. மனம் நிறைந்து, மைக்கை எடுத்து, "உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி" என்றேன்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

லைன் சூப்பர்வைசர் நஸ்ரீனை எல்லாரும் ஆபா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். அவர் எழுந்தார். "இன்னா மேடம், லைனை மூடப்போறீங்களா?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் கம்பெனியில் மைக்கில் நன்றி சொல்வது ஆளை வீட்டுக்கு அனுப்பும் நாளில் மட்டும்தான். சால்வை வரும், நன்றி வரும், மறுநாள் அந்த நாற்காலி காலியாக இருக்கும்.

"ஐயோ, இல்ல ஆபா!" யாரும் நம்பவில்லை. மேலே பேசினால் இன்னும் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து மைக்கை வைத்தேன். டிரிம்மிங் மேஜையில் உட்கார்ந்து நூல் வெட்டத் தொடங்கினேன். காலையிலிருந்து சாப்பிடாதது நினைவு வந்தது.

"ஆபா, பசிக்குது. யார் டப்பால இன்னா இருக்கு?"

"அப்டி கேளு!" என்று சிரித்தார், பக்கத்தில் நூல் வெட்டும் லட்சுமி. "நன்றியாம் நன்றி. இந்தா, கருவாட்டுக் கொழம்பு."

மெஷின்கள் மறுபடி ஓடின. மாலையில், இத்தாலியிலிருந்து நேரில் வந்திருந்த பையர் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார். கடைசிப் பெட்டியை மூடி, நெஞ்சில் கைவைத்து "கிராட்சியே" என்று அவர் மொழியில் நன்றி சொன்னார். ஆபா பதிலுக்கு உருதுவில் "ஷுக்ரியா சார்" என்றார். லட்சுமி தெலுங்கில் "சல்லகா உண்டு நாயனா", நல்லா இருப்பா, என்று வாழ்த்தினார். கன்டெய்னர் கேட்டைத் தாண்டியதும் எழுந்த கைதட்டலும் விசிலும் ஆபீஸ் மாடிவரை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் நானும் தட்டினேன்.

கிளம்பும்போது ஆபாவிடம் மெதுவாகக் கேட்டேன்: "நான் எப்டி சொல்லியிருக்கணும் ஆபா?"

"அடுத்த ஆர்டரையும் எங்க லைனுக்கே குடு. போதும்."

கொடுத்தேன். இப்போதும் எங்கள் ஆர்டர்களை அந்த லைன்தான் தைக்கிறது.

ஆனால் மேரி அக்காவுக்குக் கொடுக்க என்னிடம் என்ன ஆர்டர் இருக்கிறது? போதாததற்கு, ஜெனி இப்போது பள்ளியில் கற்றுவந்து அவரிடமே "தேங்க்யூ ஆன்ட்டி" என்கிறாள். திருத்தலாமா, விட்டுவிடலாமா? உங்கள் வீட்டில் எப்படி என்று எழுதுங்களேன்.