கஷாயக்காரரின் காபியும் கருகிய கேக்கும்

பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில் உட்கார்ந்து, மெழுகும் மாவுமாகக் கையில் அப்பிக்கொண்டு, ஊரார் வாய்க்குப் பல் செட் செய்து கொடுப்பது அவருடைய வேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் கஷாயம். எல்லாம் அவர் பிளாஸ்கில் கொண்டு வருகிற காபியால் வந்த பெயர். ஒரு நாள் அதில் ஆரஞ்சுத் தோல் கிடக்கும், ஒரு நாள் மிளகு, ஒரு நாள் கல்லுப்பு. ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் தூளை ஊறவைத்து, காலையில் எலுமிச்சை பிழிந்து கொண்டு வந்ததும் உண்டு. ஒரு மூடி ஊற்றி நீட்டினால் போதும், அதுவரை கதை பேசிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் தலைபோகிற வேலை வந்துவிடும்.

பாலும் சர்க்கரையும் கலந்த சுடுதண்ணிக்குக் காபி என்று பேர் வைத்துக் குடிக்கிற ஜென்மங்களிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது என்று அவர் மனதைத் தேற்றிக்கொள்வார். ஆனாலும் எரிச்சல் எரிச்சல்தான். ஒரு சிட்டிகை உப்பு கசப்பை எப்படி அடக்கிப் போடுகிறது, தோலின் புளிப்பு எப்படித் தொண்டைக்குள் போன பிறகு தலைகாட்டுகிறது என்றெல்லாம் பேச ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள் வீட்டில் இருந்தாள் என்பதுதான் அவருடைய ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அடுப்படி அவருடையது. முதலில் காபிக் கொட்டையை இரும்புச் சட்டியில் வறுத்துப் பொடிப்பார். பிறகு அந்தத் தூளையே மாவில் கலந்து கேக்கோ ரொட்டியோ ஓவனில் வைப்பார். நேரம் பார்த்துச் சுடுவதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. வாசனை வந்தால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மகள் தன் பங்குக் காபியைப் பால்கனிக்கு எடுத்துப் போவாள். அங்கே இருந்த குரோட்டன்ஸ் செடி கன்னங்கரேலென்று கொழுத்து வளர்ந்திருந்தது. மனைவி மட்டும் கடைசிச் சொட்டு வரை குடிப்பாள். குடித்துவிட்டு அபிப்பிராயமும் சொல்வாள். கசப்பு இன்னும் கொஞ்சம் ஏறலாம் என்பாள். உப்பு தெரியவே இல்லை என்பாள். புளிப்பு போதாது என்பாள். அவருக்கு அது வேதவாக்கு. அடுத்த வாரம் கொட்டை இன்னும் கறுக்கும், உப்பு இன்னும் ஒரு கை கூடும். அம்மா சும்மா ஏற்றிவிடுகிறாள் என்று மகள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். உனக்கு நாக்கு செத்துப்போச்சு என்று அவளுக்குத்தான் திட்டு விழுந்தது.

ஓய்வு பெறப் போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வீட்டிலேயே கேக் சுட்டுக் கடைகளுக்குப் போடலாம் என்று ஒரு கனவு. தெருமுனை பேக்கரிக்காரருக்குப் பல் செட் செய்தவர் இவர்தான். அந்தப் பழக்கத்தில் அவரும் ஒரு காபி கேக்கைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்கச் சம்மதித்தார். மனைவி ருசி பார்த்து, இதுதான் சரி என்று சொன்ன பக்குவத்தில் அது சுடப்பட்டது.

ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் கேக் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. ஒரே ஒரு துண்டுதான் விற்றிருந்தது, அதையும் வாங்கியவரே திருப்பிக் கொடுத்திருந்தார். பேக்கரிக்காரர் கழுத்தைச் சொறிந்துகொண்டே பேசினார்.

"தப்பா நினைக்காதீங்க சார். நீங்க செஞ்சு குடுத்த பல்லால எலும்பைக்கூடக் கடிச்சுடறேன். இதையும் கடிச்சுட்டேன், முழுங்கத்தான் முடியலை. ஒரே கரியும் உப்புமா இருக்கு."

அவர் கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். பஞ்சு மாதிரி பன்னைத் தின்று பழகின கூட்டத்துக்கு இதெல்லாம் எங்கே விளங்கும்? வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மறுபடி மாவு கலந்தார். அதே அளவு, அதே பக்குவம். யார் சொல்வது சரி என்று பார்த்துவிடுவோம் என்ற வீம்பு. ஓவனில் வைத்துவிட்டு, வாசனை வந்ததும் எடுத்துவிடு என்று மனைவியிடம் சொல்லிக் குளிக்கப் போனார்.

சோப்பு போட்டுக்கொண்டிருக்கும்போதே கருகல் வாடை குளியலறைக்குள் வந்துவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். ஓவனுக்கு ஒரு கை தூரத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்து, மனைவி அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் புகை கசிந்துகொண்டிருந்தது.

ஓவனை அணைத்துவிட்டு அவர் கத்து கத்து என்று கத்தினார். அவள் புகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஊசியைக் கீழே வைத்தாள். வாசனை வரவில்லையே என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பாதியிலேயே அவருக்கு வெளிச்சமாகிவிட்டது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளுக்கு வந்த காய்ச்சலோடு மூக்கும் போயிருந்தது. வந்துவிடும் என்று டாக்டர் சொன்னதை நம்பி வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருந்தாள், வரவில்லை. காபியா தேநீரா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். நாக்கில் உறைப்பது உப்பு, புளிப்பு, கசப்பு, இனிப்பு மட்டும்தான். வாய்க்குள் ஏதாவது ஒன்று தெரியட்டுமே என்றுதான் இன்னும் இன்னும் என்று கேட்டிருக்கிறாள்.

அவர் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை நாளும் மூக்கு இல்லாத ஒருத்தியின் நாக்குக்குச் சமைத்துவிட்டு, ஊரையே முட்டாள் என்று சொல்லித் திரிந்திருக்கிறார். மகள் சொன்னது சரி, ஆஸ்பத்திரிக்காரர்கள் ஓடியதும் சரி, பேக்கரிக்காரர் சொன்னதும் சரி. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? என்னை இப்படிக் கோமாளி ஆக்கிட்டியே," என்றார்.

"சொல்லணும்னுதான் இருந்தேங்க," என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் நீங்க டம்ளரை எங்கிட்டக் குடுத்துட்டு, எதிர்ல உக்காந்து என் மூஞ்சியைப் பாப்பீங்க. வாசனையே தெரியாதுன்னு சொல்லியிருந்தா, அப்புறமும் எனக்கு ஊத்தியிருப்பீங்களா?"

தேடித் தேடி வாங்குகிற கொட்டை அது. ஆஸ்பத்திரியில் ஒருவன் சர்க்கரை கேட்டான் என்பதற்காக ஊற்றிய மூடியைத் திரும்ப வாங்கிக்கொண்டவர் அவர். ஊற்றியிருப்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு எழுந்து, கருகிய கேக்கை ஓவனிலிருந்து வெளியே எடுத்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.