லிஃப்ட்காரர் ஆள் பிடித்த கதை

பத்தொன்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்த மனிதருக்கு டை கட்டி, மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? லிஃப்ட்காரர் அப்படித்தான் நெளிந்துகொண்டிருந்தார். ஆள் எடுக்கும் அதிகாரிக்குக் காய்ச்சல். பல்கலைக்கழக வேலைவாய்ப்பு முகாமுக்கு முதலாளி இவரை அனுப்பிவிட்டார். இவருக்கும் காரியம் இருந்தது. கூட வேலை பார்த்தவர் விலகி மூன்று வருடம். அன்றிலிருந்து இரண்டு பேர் வேலையை ஒற்றை ஆளாக இழுக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருந்ததில்லை. இன்று ஆள் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் வரைக்கும் இதே கதிதான்.

மூன்றாவது மாடி ஹாலில் அறுபது மேஜைகள். எதிரே இருந்த கம்ப்யூட்டர் கம்பெனியின் வரிசை கதவைத் தாண்டிப் போனது. இவரிடம் வந்தவர்கள் இலவசப் பேனாவை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள். ஒருவன் மட்டும் நின்று கேட்டான்.

“வீட்லேருந்தே வேலை பார்க்கலாமா சார்?”

“தாராளமா. லிஃப்டை உங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடறேன்.”

மதியத்துக்குள் பேனா தீர்ந்தது. ஒரு பயோடேட்டாகூடச் சேரவில்லை. கடுப்போடு கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டு லிஃப்டுக்காக நின்றார். அதற்குள் ஒரு கூட்டம் முண்டியடித்து ஏறியது. பாரம் தாங்காமல் மணி அலறியது. யாருக்கோ அடிக்கிற மணி என்பதுபோல் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பின்மூலையிலிருந்து ஒரு பெண் நெருக்கித் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். தோழியையும் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அடிக்குதுல்ல? இறங்குடி!”

தோழி முணுமுணுத்துக்கொண்டே படியேறிப் போனாள். இவள் மட்டும் மூடிய கதவையே பார்த்தாள். பிறகு அவர் சட்டையில் இருந்த கம்பெனி அட்டையைப் பார்த்தாள்.

“சார், எடை பார்க்கிறது மேல இருக்குமா, கூண்டுக்கு அடியிலயா?”

காலையிலிருந்து லிஃப்டைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கால் மணி நேரம் அங்கேயே நின்று விளக்கிவிட்டு, பயோடேட்டாவைக் கேட்டார்.

“மார்க் கம்மி சார். ஏழு மேஜையில பார்த்த உடனே திருப்பிக் குடுத்துட்டாங்க.”

தபாலில் வந்திருந்தால் இவருமே எட்டாவதாகத் திருப்பியிருப்பார். நேரில் பார்த்துவிட்டாரே, என்ன செய்வது? அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டார்.

“இந்த மார்க்குக்கா ஆள் எடுக்கணும்ங்கறீங்க?”

“மணி அடிச்சா இறங்குற பொண்ணு சார். பக்கத்துல நின்னவளையும் இறக்கிட்டா. நம்ம வேலைக்கு வேறென்ன சார் வேணும்?”

முதலாளி கொஞ்சம் இழுத்தார், பிறகு சிரித்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார். அந்தப் பெண் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக அம்மாவுக்குப் போன் செய்தாள்.

இவரும் தள்ளிப் போய் மனைவியை அழைத்தார். சந்தோஷம் தாங்கவில்லை.

“ஆள் கிடைச்சாச்சு, ஒரு பொண்ணு! இனிமே ஞாயித்துக்கிழமை நான் வீட்லதான்.”



“நல்லதுங்க,” என்றாள் மனைவி. “அப்போ அந்தப் பொண்ணு?”

அவருக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டுப் படிக்கட்டுக்குத் திரும்பினார்.

“ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்மா. ஒரு ஞாயிறு நீ, ஒரு ஞாயிறு நான். முதல் லீவு உனக்கு.”