பின்வளவு வைரவர்

கணவருக்குக் கொழும்புத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் வெள்ளவத்தை பிளாட்டை விட்டுக் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டுக்கு வந்தோம். பின்வளவில், மதிலோடு சாய்ந்தபடி நெஞ்சளவு உயரத்தில் ஒரு கருங்கல் நின்றது. நிமிர்ந்து நிற்கிற கல்லை யாழ்ப்பாணத்தார் சும்மா விடுவோமா? முன்னால் ஒரு சூலத்தை நட்டு வைரவர் ஆக்கிவிட்டோம்.

அதற்கு முன் எனக்கு இரண்டு தரம் வயிற்றில் தங்காமல் போயிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கல்லுக்கு வடைமாலை சாத்தி அழுதேன். மூன்றாவது தங்கியது. எங்கள் வைரவரைப்போல வராது என்று கண்டவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன்.

எனக்கு எட்டு மாதமாக இருக்கும்போது மழைக்கு மதில் சரிந்தது. திருத்த வந்த மேசன் பாஸ் கல்லைத் திருப்பினார். உடனே கையை எடுத்துக்கொண்டு, "நோனா, இது கல்லறைக் கல்" என்று சிங்களத்தில் சொன்னார். மறுபக்கத்தில் ஒரு மண்டையோடு. அதன் கீழே வரிவரியாக எழுத்து.

கணவர் போன் கமராவைப் பிடித்தார். ஒல்லாந்து மொழி தமிழில் வந்தது. கம்பனிக் கிடங்குக் கிளார்க்கின் மனைவி, பெயர் வைக்காத பிள்ளையோடு உறங்குகிறாளாம். கணவர் அதற்குமேல் வாசிக்கவில்லை. அவரும் கிடங்குக் கிளார்க்தான். ஒல்லாந்தன் போனான், வெள்ளைக்காரன் போனான், இந்த உத்தியோகம் மட்டும் போகவில்லை.

"எடுத்து எறிஞ்சுவிடுவம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நாளும் கும்பிட்டதை எங்கே எறிவது? நான் அழுததைக் கேட்டது வைரவர் இல்லையென்றால் வேறு யார்? தந்தவள் திருப்பிக் கேட்டால் என்ன செய்வேன்?

அன்று மத்தியானத்திலிருந்து பிள்ளை அசையவில்லை. தண்ணீர் குடித்தேன், இடப்பக்கம் சரிந்து படுத்தேன். ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக அவர் த்ரீவீல் பிடிக்க ஓடினார். நான் பின்வளவுக்குப் போனேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. கல் இப்போது என் பக்கம் பார்த்து நின்றது. தேவாரம் ஒன்றும் வாயில் வரவில்லை. அவளுக்கு எந்தப் பாஷை விளங்கும் என்றும் தெரியவில்லை.

"அக்கா, உங்கட பிள்ளை உங்களோட இருக்குத்தானே" என்றேன். "என்ர பிள்ளையை என்னட்ட விடுங்கோ."

வயிற்றில் ஓர் உதை விழுந்தது.

அழுதபடி கும்பிட்டேன். வாசலில் த்ரீவீல் ஹோர்ன் அடித்தது. அவளுக்கு முதுகைக் காட்டப் பயந்து, வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தேன்.