ஆர்ஜென்டீனா அண்ணியின் குடுக்கை

ஒருவர் வாய் வைத்துக் குடித்த குழாயில் இன்னொருவர் வாய் வைக்கலாமா, கூடாதா? என் நாலரை வயது மகள் கேட்ட கேள்வி இது. நான் உயிரியல் படித்துப் பட்டம் வாங்கியவள். அவள் பிறந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் கை கழுவ வகுப்பெடுப்பவள். எனக்கு இன்னும் பதில் தெரியாது.

கப்பலில் வேலை செய்த என் அண்ணன் ஆர்ஜென்டீனாவில் இறங்கி, அங்கேயே வேலை தேடி, அங்கேயே கலியாணமும் கட்டிவிட்டார். போன வருடம்தான் அண்ணியை முதன்முதலாக, நெல்லியடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு மாதத்துக்குக் கூட்டிவந்தார். எங்கள் ஒழுங்கையில் குடியிருப்பவர்களுக்கு ஆர்ஜென்டீனா என்றால் நீலவெள்ளைச் சட்டையும் பந்தும்தான். அண்ணி பந்தாட்டமே பார்ப்பதில்லை என்று தெரிந்ததும், உண்மையில் அந்த நாடுதானா என்று பக்கத்து வீட்டுக்காரர் அண்ணனைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார்.

அண்ணியின் பெட்டியிலிருந்து ஒரு சின்னச் சுரைக்குடுக்கை வெளியே வந்தது. பின்னேரங்களில் அதில் மாத்தே என்ற பச்சை இலைத்தூளை முக்கால்வாசி நிரப்பி, அடியில் சல்லடை வைத்த உலோகக் குழாயைச் செருகி, சுடுதண்ணீர் ஊற்றுவார். முதலில் தான் உறிஞ்சிக் குடிப்பார். மறுபடி ஊற்றிப் பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டுவார். அவர் குடித்துத் திருப்பிக் கொடுக்க, மறுபடி ஊற்றி அடுத்தவருக்கு. ஒரே குடுக்கை. ஒரே குழாய். குழாயைத் துடைப்பது மரியாதையில்லை என்று அண்ணன் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

நாங்களோ மூக்குப்பேணிக்காரர். வாய் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கென்றே குவளைக்கு மூக்கு வைத்த ஊர் எங்களுடையது. யாருடைய வாய் படக்கூடாது என்று அப்படிச் செய்தார்கள் என மகள் ஒருநாள் கேட்பாள். அதற்கும் என்னிடம் நேரான பதில் இல்லை.

முதல் நாள் அம்மாவின் முறை வந்தது. அம்மா குடுக்கைக்குள் எட்டிப் பார்த்தார்.

"உதென்ன, வைக்கோல் அவிச்ச தண்ணியோ?"

"வாங்கிக் குடியுங்கோ அம்மா. அவ பாத்துக்கொண்டிருக்கிறா," என்றார் அண்ணன்.

"எனக்கு இண்டைக்கு விரதம் எண்டு சொல்லு."

அன்று வெள்ளிக்கிழமை என்பதால் பொருந்தியது. சனிக்கிழமை சனீஸ்வரனுக்கு. ஞாயிறு சூரியனுக்கு. திங்கள் சோமவாரம். செவ்வாய் அம்மனுக்கு. புதன்கிழமைக்கு யாரும் அகப்படாமல் கொஞ்சம் தடுமாறி, "பொதுவாய் விரதம்" என்றார். பத்து நிமிடம் கழித்துக் குசினிக்குள் நின்று பால்தேத்தண்ணி குடிப்பார். உன் அம்மா ஏதாவது மடத்தில் சேர்ந்தவரா என்று அண்ணி அண்ணனிடம் பயபக்தியோடு கேட்டாராம்.

எனக்கு அந்தத் தைரியம் இல்லை. ஒரு கிழமையாகக் குழாயை உதட்டருகே பிடித்து, கன்னத்தைக் குழிய வைத்து, குறையாத குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தேன். மகளுக்கு மூச்சிழுப்பு வருகிறது. நான் வாங்கும் கிருமி அவளிடம்தானே போய்ச் சேரும்? அண்ணி குடுக்கையையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். எட்டாம் நாள் எனக்கொரு யோசனை வந்தது. மூக்குப்பேணியைப் போல உயர்த்திப் பிடித்து அண்ணாந்து ஊற்றினேன். குழாய் வழியே ஒரு சொட்டும் வரவில்லை. குடுக்கையின் வாய் வழியே இலை முழுவதும் வந்து மூக்கிலும் கண்ணிலும் சட்டையிலும் விழுந்தது.

"உனக்குப் பட்டம் குடுத்தவையைச் சொல்லவேணும்," என்றார் அண்ணன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இஞ்சை ஒருத்தருக்கும் தன்னைப் பிடிக்கேல்லை எண்டு நினைக்கிறா. இனி வரமாட்டாவாம். நீயெண்டாலும் ஒருக்காக் குடி, தங்கச்சி."

அண்ணி வராவிட்டால் அண்ணனும் வரமாட்டார். மறுநாள் நெல்லியடிச் சந்தைக்குப் போய் ஆறு சில்வர் குவளையும் ஆறு குழாயும் வாங்கினேன். ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டி, பின்னேரம் அண்ணிக்கு முன்னால் வரிசையாக வைத்தேன். மரியாதைக்கு மரியாதை, சுகாதாரத்துக்குச் சுகாதாரம். எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

அண்ணி அழத் தொடங்கினார்.

அழுகைக்கு நடுவில் அவர் சொன்னதை அண்ணன் மொழிபெயர்த்தார். மாத்தே அந்த மண்ணின் பழங்குடிகளுடையது. பிறகு இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் சிரியாவிலிருந்தும் கப்பலில் வந்திறங்கியவர்கள், ஒருவர் பாஷை மற்றவருக்கு விளங்காத காலத்திலேயே குடுக்கையைக் கைமாற்றிக் குடித்தார்களாம். அப்படித்தான் நாங்கள் ஒரே சனமானோம் என்பது அண்ணியின் எண்ணம். வேலை செய்யும் கந்தோரில், பஸ்ஸில், முன்பின் தெரியாதவரும் நீட்டுவாராம். கொரோனா வந்ததும் நிறுத்தினார்கள். கொரோனா போன பிறகு சிலர் பழையபடி ஒரே குடுக்கைக்குத் திரும்பினார்கள். அண்ணியின் வீட்டார் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய அம்மாவின் மேசையில் ஏழு பேர், ஏழு குடுக்கை. படகு ஓடாத நாளில் எங்கள் கடலில் ஏழு தீவுகளும் தனித்தனியே கிடப்பதை நினைத்துக்கொண்டேன்.

"எங்கடை வீட்டிலை எல்லாரும் ஒண்டாயிருக்கிறது எண்டு நான் சொன்னதை நம்பி வந்தவ," என்றார் அண்ணன். "நீ ஆறு குவளையைக் கொண்டுவந்து வைச்சிட்டாய்."

எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன். அப்போது மகள் ஆறிப்போய்க் கிடந்த குடுக்கையை எடுத்து, உர்ரென்று சத்தம் வரும்வரை உறிஞ்சி, அண்ணியிடம் கொடுத்துத் தண்ணீர் ஊற்றுவித்து, என்னிடம் நீட்டினாள்.

"அம்மா, உங்கடை முறை."

விசாரித்தால், முதல் நாளிலிருந்தே குசினியில் மாமியும் மருமகளும், அதாவது அண்ணியும் என் மகளும், பாலும் சீனியும் விட்டுக் குடித்துவருகிறார்கள். அங்கே குழந்தைகளுக்கு அப்படித்தானாம். ஒன்பது நாளாக என் பிள்ளை அந்தக் குழாயில் குடித்திருக்கிறாள். நான் கன்னத்தைக் குழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

குடித்தேன். துடைக்கவில்லை. ஆடாதோடைக் கசாயம்போல, கொஞ்சம் புகைவாசத்தோடு இருந்தது. மீதி நாளெல்லாம் மகளின் ஒவ்வோர் இருமலையும் எண்ணிக்கொண்டே குடித்தேன். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. விரதம் காத்த அம்மாவுக்குத்தான் மூக்கு ஒழுகத் தடிமன் வந்தது.

அடுத்த வருடமும் வருவதாகச் சொல்லிவிட்டு, குடுக்கையை எங்களிடமே விட்டு அண்ணி போனார். கதை அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். விடுமுறைக்கு முந்தின நாள் முன்பள்ளி ரீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. உங்கடை மகள் பிள்ளையளை வட்டமா இருத்தித் தண்ணிப் போத்தலைச் சுத்த விடுறா. எல்லாருக்கும் ஒரே ஸ்ட்ரோ. வேண்டாம் எண்ட பிள்ளையிட்டை 'உனக்கும் விரதமோ' எண்டு கேக்கிறா. வகுப்பிலை பாதிப் பேருக்குத் தடிமன்."

வீட்டுக்கு வந்து, இனி அப்படிச் செய்யக்கூடாது என்றேன். மாமியின் குழாயில் குடிக்கலாம், கூட்டாளியின் குழாயில் ஏன் கூடாது என்று அப்போதுதான் கேட்டாள். மாமி எங்கள் வீட்டு ஆள் என்றேன்.

"முதல் நாள் இல்லையே அம்மா," என்றாள். "குடிச்சாப் பிறகுதானே ஆனவ?"

ஆறு குவளையும் அலுமாரிக்குள் இருக்கின்றன. முன்பள்ளிக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். உடனே அண்ணியின் முகம் வருகிறது. பேசாமல் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்; உடனே இழுப்பு மருந்துப் பம்ப் ஞாபகம் வருகிறது. பிள்ளை வளர்த்தவர்களே, நீங்கள் என் இடத்தில் இருந்தால் அவளுக்கு என்ன சொல்வீர்கள்? முன்பள்ளி மறுபடி தொடங்குமுன் தயவுசெய்து எழுதுங்கள். விரதம் என்று மட்டும் சொல்லித்தராதீர்கள். எங்கள் வீட்டில் இனி அது எடுபடாது.