இன்னொரு வாசல்

சாராயக்கடைகளைத் திறந்துவிட்ட வருஷம். கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில், குடியை விட்டொழித்த ஒட்டிய கன்னத்து வெல்டர் ஒருவரைத் தினமும் பார்ப்பேன். அத்திப்பட்டில் ஸ்டேஷனை ஒட்டியே கடை. வண்டி அங்கே நின்றதும், குடியை விடப் பார்க்கும் கூட்டாளிகள் இறங்கிவிடாமல் பெட்டியின் ஒரு வாசலை மறித்து நிற்பார். இன்னொரு வாசலில், அவரைப்போலவே குடியை விட்டு, அவர் மறிக்கப் பழக்கிய ஆள் நிற்பான்.

அன்று அங்கே யாருமில்லை.

"அவனும் நேத்து எறங்கிப் பூட்டான் சார். பழக்கினதுல நாலாவது ஆளு. வாசலு ரெண்டு, நான் ஒருத்தன். இன்னா பண்ணுவேன்?"

"நான் நிக்கிறேன்" என்றேன்.

"நீ எப்பனா குடிச்சிருக்கியா?"

"இல்ல."

"அப்ப ஒன் பேச்சக் கேக்க மாட்டானுங்க சார்."

இருந்தும் நின்றேன். வண்டி நின்றதும், "ஒனக்கு இன்னா தெரியும்?" என்று என்னைத் தள்ளிவிட்டு இருவர் இறங்கினார்கள்.

குடிக்காதவன் என்பதற்காக நான் வெட்கப்பட்டது அன்று ஒருநாள்தான்.