இருபத்திரண்டில் விழுந்த படம்

இது நடந்தது. திரேஸ்புரத்தில் கேட்டால் பாதியைச் சொல்வார்கள். மீதிப் பாதி லிங்கராஜுக்கும் இன்னொருத்திக்கும் மட்டுமே தெரியும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

தூத்துக்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் லிங்கராஜுக்குப் பழைய பிலிம் கேமரா என்றால் கிறுக்கு. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் இனிகோவைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனதும் அந்தக் கிறுக்கில்தான். கையில் சங்கோடு அவன் தலை தண்ணீருக்கு மேல் வரும் நொடி வேண்டும். இனிகோ முங்கினான், வந்தான். லிங்கராஜ் படம் எடுத்தான்.

எடுத்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கேமராவின் ஷட்டர் லென்சுக்குள் இருக்கும் மெல்லிய இதழ்கள். நடுவிலிருந்து விரிந்து, நடுவில் வந்து மூடும். வெளிச்சம் நுழையும் துவாரத்தைப் பதினாறாம் எண்ணில் வைத்துச் சிறிதாக்கியிருந்தால், இதழ் கொஞ்சம் விரிந்ததுமே துவாரம் முழுக்கத் திறந்துவிடும். மூடும்போதும் கடைசியில்தான் மறையும். ஷட்டரை அதிக வேகத்தில் வைத்தால் அந்தக் கொசுறு வெளிச்சமே படத்தை வெளுக்கடித்துவிடும். துவாரத்தை இன்னும் சுருக்கி இருபத்திரண்டில் வைத்திருக்க வேண்டும். பெரிய நிபுணர், மறந்துவிட்டார்.

இனிகோவுக்கு மேல்மூச்சு வாங்கியது. போதும் என்று படகில் ஏறப் பார்த்தான்.

"இன்னும் ஒரு தடவ முங்குலே. வெளிச்சம் கூடிப்போச்சு."

முங்கினான். லிங்கராஜ் குனிந்து துவார வளையத்தைத் திருப்பினான். நிமிர்ந்தான்.

காத்திருந்தான்... கடல் சும்மா கிடந்தது.

மறுநாள்தான் உடல் கரை ஒதுங்கியது. பெரிய சங்கு கிடக்கிறது என்று அவனாகவே இறங்கினான் என்று லிங்கராஜ் எல்லாரிடமும் சொன்னான். இன்ஜின் பக்கம் இருந்த படகுக்காரருக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. அன்றிலிருந்து லிங்கராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு வைக்க அந்தப் படம் வேண்டும் என்று இனிகோவின் மனைவி சலேத்து சொல்லி அனுப்பினாள். இனித் தள்ளிப்போட முடியாது. ஒரு மத்தியானம் இருட்டறைக்குள் போனான்.

பிலிமைக் கழுவி, விளக்கைப் போட்டு, தூக்கிப் பார்த்தான். முதல் படம் பயந்தது போலவே. வெளிச்சம் கூடி இனிகோவின் முகம் தீய்ந்து போயிருந்தது.

அடுத்தது வெறுமையாக இருக்க வேண்டும். அவன் பொத்தானை அழுத்தவே இல்லை.

வெறுமையாக இல்லை.

அதைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டான். மருந்துத் தட்டில் மெல்ல மெல்லத் தெரிந்தது...

படகின் அடிப்பக்கம்.

தண்ணீருக்குள்ளிருந்து எடுத்தது.

மேலே, விளிம்பில், குனிந்த தலை. கையில் கேமரா.

அவனேதான்.

கீழிருந்து அவனை நோக்கி நீண்ட ஐந்து விரல்கள்.

வெளிச்சம் இம்மி பிசகவில்லை.

சாயங்காலம் சலேத்து வந்தாள். இனியும் பொய் சொன்னால் மனுசனே இல்லை என்று பட்டது. அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"நாந்தாம்மா அவன மறுபடி முங்கச் சொன்னேன்."

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை.

"தெரியும் அண்ணாச்சி. அவுகளே அன்னைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்து சொன்னாவளே. தலகூடத் தொவட்டல. அண்ணாச்சிக்கு வெளிச்சம் கூடிப்போச்சாம், இன்னொரு தடவ முங்கணும்னுட்டுப் போனாவ."

அன்று கடலுக்குப் போன இனிகோ உயிரோடு கரைக்குத் திரும்பவே இல்லை.

"இப்பவும் தெனம் மத்தியானம் வாராவ. படம் சரியா விழுந்துச்சான்னுதான் கேக்காவ. நான் என்னன்னு சொல்ல, அண்ணாச்சி?"